பழைய அம்ப் வாங்கலாமா, புதுசு எடுக்கலாமா? யாழ்ப்பாணத்துப் பாட்டுப் பிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டில் நல்ல ஸ்டீரியோ செற் ஒன்று வைக்க நினைப்பவர்கள், அதில் பாட்டின் சத்தத்தைப் பெருக்கும் அம்பிளிபயர் (சுருக்கமாக அம்ப்) பற்றிக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். கேட்பவர்களில் பாதிப் பேர் கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ சொந்தக்காரர் அனுப்பப்போகும் அம்பிளிபயருக்காகக் காத்திருப்பவர்கள். மீதிப் பேர் பழைய சாமான் கடையில் வெள்ளி முகப்பும் பெரிய குமிழும் உள்ள ஒன்றைப் பார்த்துவிட்டு நித்திரை இல்லாமல் இருப்பவர்கள். இரண்டு பக்கத்துக்கும் பதில் உண்டு.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: பழசா, புதுசா?

பழைய அம்பைத் திறந்து, மீற்றர் வைத்துப் பார்த்து, பழுதைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒருவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால் பழசு வாங்கலாம். அப்படி ஒருவர் இல்லையென்றால் புதுசு எடுங்கள். பிராண்ட், வாட், தோற்றம் எல்லாம் இதற்குப் பிறகுதான். நாற்பது வயது அம்ப் இன்றைக்கு நன்றாகப் பாடினாலும் அடுத்த வருடம் ஒரு பக்கம் நின்றுபோகலாம். அந்த நேரத்தில் அதைக் கொழும்புக்கு பஸ்ஸில் ஏற்றி அனுப்புவதா, அலுமாரிக்கு மேல் தூக்கி வைப்பதா என்று யோசிக்கும் நிலை வந்தால் வாங்கிய விலை மலிவே இல்லை.

பழசு என்று எந்தக் காலத்து அம்பைச் சொல்கிறீர்கள்?

பெரும்பாலும் 1970களின் தொடக்கத்திலிருந்து 1980களின் நடுப்பகுதி வரை ஜப்பானில் செய்தவை: பயனியர், சன்சுயி, யமஹா, கென்வூட், டெக்னிக்ஸ், சோனி. அமெரிக்கப் பெயரோடு ஜப்பானில் செய்த மராண்ட்ஸும் இதில் சேரும். ஐரோப்பாவிலிருந்து வருபவற்றில் பிலிப்ஸ், கிரண்டிக், என்ஏடி ஆகியவற்றை இங்கே காணலாம்.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகுதான் இந்தச் சாமான்கள் இலங்கைக்குத் தாராளமாக வரத் தொடங்கின. ரெக்கோடிங் பார் என்ற கசெற் பதியும் கடைகளில் பாட்டுப் பதிந்து கேட்ட காலமும் அதையொட்டியதுதான். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்து வீடுகளில் இருந்தவற்றில் மிஞ்சியது கொஞ்சம். 1990க்குப் பிறகு பல வருடங்கள் கரண்ட் இல்லை, சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோ கேட்டோம். 1995 ஒக்டோபரில் போரால் ஊரே எழும்பிப் போனபோது அம்பைத் தூக்கிக்கொண்டு போனவர் யார்? ஆகவே, ‘எங்கட ஊரிலேயே வாங்கி ஒரே வீட்டில் இருந்த செற்’ என்று யாராவது விற்க வந்தால் அந்தக் கதையைக் கொஞ்சம் விசாரியுங்கள். இப்போது கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் ஜப்பானிலிருந்து பாவித்த சாமானாக வந்தவை, அல்லது வெளிநாட்டு உறவுகள் பெட்டியில் போட்டு அனுப்பியவை. இது ஏன் முக்கியம் என்பது கீழே வோல்ட்டேஜ் பற்றிய கேள்விகளில் தெரியும்.

பழைய அம்பின் சத்தம் உண்மையிலேயே இனிமையா, இல்லை மனப்பிரமையா?

இரண்டும் கலந்தது. நல்ல நிலையிலுள்ள பழைய அம்பும் நல்ல நிலையிலுள்ள புது அம்பும், அவற்றின் சக்திக்குள் ஓடும்போது, பலர் நினைப்பதைவிட மிகவும் நெருக்கமாகவே ஒலிக்கும். கேட்டுப் பார்ப்பவர்கள் தவறுவது சத்த அளவில்தான். இரண்டில் ஒன்று அரை டெசிபெல், ஒரு டெசிபெல் கூடுதலாக இருந்தாலே அதுதான் ‘தெளிவு’, அதுதான் ‘உயிர்’ என்று காது முடிவெடுத்துவிடும். மீற்றர் வைத்து இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்டால் வித்தியாசம் பெரும்பாலும் சுருங்கிவிடும்.

ஆனால் பழசில் ஒரு நியாயமான இன்பம் உண்டு. அதில் பேஸ், ட்ரெபிள் குமிழ்கள் இருக்கும், சிலவற்றில் மிட் குமிழும் இருக்கும், அதோடு ‘லவுட்னஸ்’ என்று ஒரு சுவிச். சத்தத்தைக் குறைத்துக் கேட்கும்போது மனிதக் காதுக்கு அடிச்சத்தம் முதலில் குறைந்து கேட்கும்; லவுட்னஸ் சுவிச் அதை ஈடுகட்டும். இரவு பத்து மணிக்குப் பக்கத்து வீட்டாருக்குக் கேட்காமல் பாட்டுக் கேட்பவருக்கு இது சாதாரண உதவி அல்ல. எங்களுடைய பழைய பதிவுகள், முக்கியமாக கசெற்றிலிருந்து எடுத்தவை, மெலிந்தும் கீச்சென்றும் இருக்கும். பேஸைக் கொஞ்சம் ஏற்றி ட்ரெபிளை இறக்கினால் உட்கார்ந்து கேட்கலாம். விலை கூடிய புது அம்ப்கள் சில இந்தக் குமிழ்களையே எடுத்துவிட்டு அதைப் பெருமையாகச் சொல்கின்றன. எனக்கு அந்தப் பெருமை விளங்குவதில்லை.

வீட்டுக்கு எத்தனை வாட் வேண்டும்?

நினைப்பதைவிடக் குறைவு. ஸ்பீக்கரின் பின்பக்கத்தில் அல்லது கையேட்டில் ‘88 டெசிபெல்’ என்பதுபோல ஓர் இலக்கம் இருக்கும். ஒரு வாட் கொடுத்து ஒரு மீற்றர் தூரத்தில் அளந்தால் வரும் சத்தம் அது. 88 டெசிபெல் என்பதே ஒரு வீட்டு ஹோலுக்குப் பெரிய சத்தம். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபெல்தான். காதுக்கு ‘இரண்டு மடங்கு சத்தம்’ என்று தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே 40 வாட்டா 50 வாட்டா என்று தலையை உடைக்க ஒன்றுமில்லை.

1978இல் வந்த என்ஏடி 3020 ஒரு பக்கத்துக்கு 20 வாட்தான். உலகம் முழுவதும் அது விற்றதுபோல விற்ற அம்ப்கள் மிகச் சில. அதே வருடம் பயனியர் எஸ்எக்ஸ்-1980 என்று ஒரு பக்கத்துக்கு 270 வாட் உள்ள ஓர் அரக்கனையும் விட்டது. அழகுதான், ஆனால் அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

வாட் அதிகம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு: தவில். நாதசுரக் கச்சேரிப் பதிவில் சராசரிச் சத்தம் ஓர் அளவில் போய்க்கொண்டிருக்க, தவிலின் தொப்பியில் ஓர் அடி விழும்போது அந்தக் கணத்துக்கு மட்டும் பல மடங்கு சக்தி கேட்கும். அம்புக்கு அது முடியாவிட்டால் அடி ‘டப்’ என்று நசுங்கிவிடும். அளவெட்டி, இணுவில் பக்கத்துத் தவில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது உடனே தெரியும். தவில் வித்துவான் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் பதிவு ஏதாவது கையில் இருந்தால் அம்ப் வாங்கப் போகும்போது கொண்டுபோங்கள். அதைவிட நல்ல பரிசோதனை எனக்குத் தெரியாது.

புது மலிவு செற்களில் அச்சடித்திருக்கும் ‘3000 வாட் பிஎம்பிஓ’ என்பதை அப்படியே மறந்துவிடுங்கள். அதற்கு எந்த ஒழுங்கான அளவுமுறையும் இல்லை. ஆர்எம்எஸ் என்றோ, 8 ஓமில் தொடர்ச்சியாக இத்தனை வாட் என்றோ போட்டிருப்பதைத்தான் பாருங்கள். 1974இல் அமெரிக்க அரசு வாட்டை எப்படி அளந்து விளம்பரம் செய்ய வேண்டும் என்று விதி போட்டது. அதனால் அதற்குப் பிறகு அமெரிக்கச் சந்தைக்குச் செய்த பழைய அம்ப்களின் இலக்கங்கள் ஓரளவு நேர்மையானவை.

ஜப்பானிலிருந்து வந்த பாவித்த அம்ப் ஒன்று பார்த்தேன். பிளக்கை மாற்றிவிட்டுக் குத்தலாமா?

வேண்டாம்! ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். இங்கே 230. நேரே குத்தினால் பியூஸ் போவதோடு தப்பினால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் ட்ரான்ஸ்போமர் எரியும். பழைய அம்பின் ட்ரான்ஸ்போமருக்கு மாற்று கிடைப்பது குதிரைக் கொம்பு.

பின்பக்கத் தகட்டை டோர்ச் அடித்து வாசியுங்கள். ‘ஏசி 100 வோல்ட்’ என்று மட்டும் இருந்தால் அது ஜப்பானிய உள்ளூர் மொடல். ‘110 / 120 / 220 / 240’ என்று இருந்து பக்கத்தில் திருப்பும் சுவிச் ஒன்று இருந்தால் அது ஏற்றுமதி மொடல். 220இலோ 240இலோ வைத்துப் பாவிக்கலாம். அந்தச் சுவிச் இப்போது எதில் நிற்கிறது என்று பார்க்காமல் குத்தக் கூடாது. முன்னே வைத்திருந்தவர் எந்த நாட்டில் இருந்தாரோ அந்த நாட்டு வோல்ட்டேஜில்தான் அது நிற்கும்.

கனடாவிலிருந்து மாமா அனுப்பும் அம்பை இங்கே பாவிக்கலாமா?

பாவிக்கலாம், ஆனால் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் வேண்டும். கனடாவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்ட்டேஜை ட்ரான்ஸ்போமர் இறக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. அம்புக்குள் இருக்கும், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த ட்ரான்ஸ்போமர் 50இல் ஓடும்போது அதன் நடுவிலுள்ள இரும்பு காந்தத்தால் கூடுதலாக நிறைந்து சூடேறும், சிலவேளை ‘ம்ம்’ என்று முனகும். இதற்கு எளிய வழி, 120 வோல்ட் அம்புக்கு 110 வோல்ட் தரும் ஸ்டெப் டவுனைக் கொடுப்பது. 100 வோல்ட் தருவது கிடைத்தால் இரும்பைப் பொறுத்தவரை கணக்கு சரியாகவே வரும். சத்தத்தில் பெரிய குறை தெரியாது.

ஸ்டெப் டவுனின் அளவு, அம்பின் தகட்டில் போட்டிருக்கும் வாட்டைப்போல குறைந்தது இரண்டு மடங்காவது இருக்கட்டும். கையில் தூக்கிப் பாருங்கள்: பாரமாக இருக்க வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்கும் பயணிகள் கொன்வேர்ட்டர், தலைமயிர் உலர்த்தும் சாமானுக்குச் செய்தது. அம்பில் பாவித்தால் அம்ப் போகும்.

மாமா ரெக்கோட் பிளேயரும் சேர்த்து அனுப்பினால் ஒரு விசயம். சில பழைய பிளேயர்களின் மோட்டார் ஹெர்ட்ஸைப் பார்த்து ஓடுவது. 60க்குச் செய்தது 50இல் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், பாடகர் நித்திரைத் தூக்கத்தில் பாடுவதுபோல இருக்கும். ஸ்டெப் டவுன் இதைத் தீர்க்காது. டைரக்ட் டிரைவ், டிசி மோட்டார் உள்ளவற்றுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அனுப்புவதற்கு முன்பே அவரைக் கேட்டுவிடுங்கள்.

லண்டன், ஜேர்மனி, பிரான்ஸ், நோர்வே சாமான்களுக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது. பிளக் மட்டும்தான் பிரச்சினை. லண்டன் சாமானுக்கு அதுவும் பெரும்பாலும் இல்லை.

ரேடியோவும் சேர்ந்த ரிசீவர் வாங்கினால் எஃப்எம் இழுக்குமா?

ஜப்பானிய உள்ளூர் மொடலின் எஃப்எம் 76இலிருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் இருக்கும். எங்களுடைய நிலையங்கள் 88க்கும் 108க்கும் இடையில். ஆகவே ஒன்றிரண்டு பிடித்தால் உண்டு. கனடா மொடலில் முள் ஓடும் டயல் இருந்தால் பிரச்சினை இல்லை. இலக்கம் காட்டும் டிஜிட்டல் டயல் என்றால், அது மீடியம் வேவில் 10 கிலோஹெர்ட்ஸ் படியாகத் தாவும். இங்கேயும் இந்தியாவிலும் நிலையங்கள் 9 படியில் இருப்பவை. திருச்சி வானொலி கேட்டுப் பழகியவர்கள் இதைக் கவனிக்கவும். சில மொடல்களில் பின்பக்கத்தில் 9/10 என்று மாற்றும் சுவிச் இருக்கும்.

கடையில் வைத்தே நல்லதா கெட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் மூக்கு. மூடியின் துவாரத்தில் மணந்து பாருங்கள். எரிந்த பேக்லைட் மணம் வந்தால் பேச்சை நிறுத்திவிடலாம். அடுத்தது திருகாணிகளின் தலை. காடி கிழிந்து பளபளத்தால் யாரோ பல தடவை திறந்திருக்கிறார். அது கெட்டது என்று அர்த்தமல்ல, ஆனால் ‘திறக்கவே இல்லை’ என்று கடைக்காரர் சொன்னால் அவருடைய மற்றச் சொற்களையும் அதே தராசில் போடுங்கள்.

கரண்ட் கொடுப்பதற்கு முன் தொடர் மின்குமிழ் இருக்கிறதா என்று கேளுங்கள். அதாவது 60 அல்லது 100 வாட் பழைய இழை மின்குமிழ் ஒன்றை அம்பின் கரண்ட் வழியில் தொடராகப் போட்டிருப்பது. அம்ப் நல்லது என்றால் குமிழ் ஒருதடவை பளிச்சென்று எரிந்து பிறகு மங்கிவிடும். முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஏதோ ஷோட் ஆகியிருக்கிறது. உடனே நிறுத்த வேண்டும், அம்புக்கும் சேதமில்லை. எல்இடி பல்ப் இதற்கு உதவாது. இழைக்குமிழ் இப்போது கடைகளில் அருகிவிட்டது, கண்டால் ஒன்றிரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு திருத்துபவரின் மேசையில் தொடர் மின்குமிழ் இருக்கிறதா என்பதே அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு நல்ல அடையாளம்.

போட்டு மூன்று நான்கு செக்கன்டில் உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். அது ஸ்பீக்கரைக் காக்கும் ரிலே. எல்லா அம்பிலும் இருக்காது. ஆனால் ரிலே உள்ள அம்பில் டிக் வராவிட்டால் பழுது. டிக் வந்த பிறகு, ஸ்பீக்கர் இணைக்காமல், ஸ்பீக்கர் முனைகளில் மீற்றரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்துப் பாருங்கள். 50க்குக் கீழே இருந்தால் நல்லது. 100ஐத் தாண்டினால் திருத்த வேலை காத்திருக்கிறது. வோல்ட் கணக்கில் காட்டினால் அது உங்கள் ஸ்பீக்கரை எரிக்கப்போகும் அம்ப்.

பிறகு பாட்டு. சத்தத்தை நன்றாகக் குறைத்து இரண்டு பக்கமும் ஒரே அளவில் வருகிறதா என்று கேளுங்கள். ரிலேயின் முனை கறுத்திருந்தால் குறைந்த சத்தத்தில் ஒரு பக்கம் மங்கி, குமிழைத் திருப்பியதும் சட்டென்று திரும்பி வரும். குமிழ்களைத் திருப்பும்போது ‘கரகர’ என்றால் பயப்பட வேண்டாம். கொன்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் போய்விடும். துரு எடுக்க அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை மட்டும் அதற்குள் அடிக்க விடாதீர்கள்.

சத்தமே வராவிட்டால்? முகப்பில் ‘டேப் மொனிட்டர்’ என்ற பொத்தான் உள்ளே அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது அமர்ந்திருந்தால் அம்ப் டேப் டெக்கிலிருந்து பாட்டு வரும் என்று காத்திருக்கும். பின்பக்கத்தில் ‘ப்ரீ அவுட்’, ‘மெயின் இன்’ என்று இருக்கும் துளைகளை இணைக்கும் ‘ப’ வடிவக் கம்பி தொலைந்திருந்தாலும் சத்தம் வராது. பழுது என்று மலிவு விலைக்குப் போகும் அம்ப்களில் சில இந்த இரண்டு காரணத்தால்தான் போகின்றன. கடைக்காரருக்குச் சொல்வதா இல்லையா என்பது உங்கள் மனச்சாட்சி!

பழசு வாங்கினால் எல்லாக் கொண்டென்சரையும் மாற்ற வேண்டுமா?

கரண்டைச் சேமித்து வைக்கும் எலக்ட்ரோலிற்றிக் கொண்டென்சருக்குள் ஈரப்பசை இருக்கும். காலத்தாலும் சூட்டாலும் அது காயும். உள்ளே வெப்பம் 10 பாகை கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. சித்திரை, வைகாசி வெக்கையில் காற்று ஓடாத கண்ணாடி அலுமாரிக்குள் இருந்த அம்பும், குளிர் நாட்டில் திறந்த தட்டில் இருந்த அம்பும் ஒரே வருடத்தில் செய்ததென்றாலும் ஒரே வயதல்ல.

அதற்காகத் திறந்தவுடன் எல்லாவற்றையும் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. அளந்து பார்த்து, வீங்கியதையும் கசிந்ததையும் அளவு இறங்கியதையும் மாற்றினால் போதும். பவர் பகுதியிலுள்ள பெரிய இரண்டும் சோதிக்கப்பட வேண்டும். போடுவது 105 பாகை வகையாக, பெயர் தெரிந்த நிறுவனத்தினதாக இருக்கட்டும். ‘எல்லாம் புதுசு போட்டாச்சு’ என்று சொல்லி விலை கூட்டுபவரிடம் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஈயப் பற்று மழமழவென்று இருக்கிறதா, கட்டிபட்டிருக்கிறதா என்பது கண்ணுக்கே தெரியும்.

நீங்களே திறப்பதாக இருந்தால், பிளக்கைக் கழற்றிய பிறகும் அந்தப் பெரிய கொண்டென்சர்களில் கரண்ட் தங்கியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

எந்தப் பழைய அம்பைக் கண்ணை மூடிக்கொண்டு தவிர்க்கலாம்?

வேறு எதையும் மாற்றாகப் போட முடியாத தனிச் சில்லுகளில் (சிப்), சாமான்களில் ஓடுபவற்றை. 80களின் பல மலிவு அம்ப்களில் ட்ரான்சிஸ்டருக்குப் பதிலாக ‘எஸ்டிகே’ என்று தொடங்கும் கறுத்தக் கட்டை ஒன்று இருக்கும். அது போனால் அசல் கிடைப்பது கஷ்டம், போலிகள் தாராளம். போலியைப் போட்டால் ஒரு கிழமை பாடும். சோனி 70களில் வி-ஃபெட் என்ற வகை ட்ரான்சிஸ்டரில் சில அம்ப்கள் செய்தது. அருமையானவை, ஆனால் அந்தச் சாமான் போனால் அம்ப் வெறும் காட்சிப் பொருள். சாதாரண ட்ரான்சிஸ்டரில் ஓடும் நடுத்தர மொடல்தான் இங்கே வைத்திருக்க உகந்தது. மாற்றாகப் போடப் பொருத்தமான ட்ரான்சிஸ்டர் ஏதாவது எப்போதும் கிடைக்கும்.

ஒன்லைனில் விற்கும் சின்னஞ்சிறு சீன அம்ப்கள் எப்படி?

மலிவைப் பார்த்து இளக்காரம் செய்ய வேண்டாம். ‘டி கிளாஸ்’ என்ற முறையில் ஓடுபவை அவை. சூடு குறைவு, கரண்ட் குறைவு, சத்தம் சுத்தம். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3116, டிபிஏ3255 சில்லுகளில் செய்தவை பரவலாகக் கிடைக்கின்றன. பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை நம்பாமல், கூட வரும் அடப்டரின் வோல்ட்டையும் அம்பியரையும் பெருக்கிப் பாருங்கள். 24 வோல்ட், 4 அம்பியர் என்றால் மொத்தம் 96 வாட். அதற்கு மேல் அந்தப் பெட்டிக்குள் நீண்ட நேரத்துக்கு எங்கிருந்து வரும்?

பல அடப்டர்கள் 100இலிருந்து 240 வோல்ட் வரை எதையும் ஏற்கும். பின்னேரத்தில் லைன் வோல்ட்டேஜ் இறங்கும் இடங்களில் இது பெரிய வசதி. டிபிஏ3116 வகை 12 வோல்ட் பற்றரியிலும் ஓடும். டைனமோ சுற்றிய தலைமுறைக்கு அதன் அருமையைச் சொல்லத் தேவையில்லை.

குறை என்னவென்றால் அடப்டர்தான் முதலில் போகும், குமிழும் முகப்பும் விளையாட்டுச் சாமான்போல இருக்கும். திருத்துவது என்ற பேச்சே இல்லை. போனால் எறிந்துவிட்டு இன்னொன்று வாங்குவதுதான்.

முழு அளவுப் புது அம்ப் என்றால் எதைப் பார்க்க வேண்டும்?

யமஹா ஏ-எஸ்501 போன்றதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்: ஒரு பக்கத்துக்கு 85 வாட், ரெக்கோட் பிளேயருக்கு ஃபோனோ, டிவிக்கு ஒப்டிகல், பேஸ், ட்ரெபிள், லவுட்னஸ் எல்லாம் உண்டு. உத்தரவாதத்தை யார் தருகிறார், பழுதானால் எங்கே கொடுப்பது என்று எழுத்தில் கேளுங்கள். வெளிநாட்டில் வாங்கி அனுப்பியதற்கு இங்கே உத்தரவாதம் செல்லுபடியாகும் என்று எண்ண வேண்டாம்.

மின்வெட்டும் இடியும் அம்பைப் பாதிக்குமா?

கரண்ட் போவது பாதிக்காது, திரும்பி வரும் விதம்தான் பாதிக்கும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை வெட்டிய காலத்தில், விட்டு விட்டு வந்த கரண்டில் போன சாமான்கள் நிறைய. இனி வெட்டு இல்லை என்று நிம்மதியாக இருக்க 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி முழு நாட்டையும் இருட்டாக்கியது. ஆகவே கரண்ட் போனதும் அம்பின் பிளக்கைக் கழற்றுங்கள். வந்து பத்து நிமிடம் நிலைத்த பிறகு குத்துங்கள்.

இடிக்கும் அதே விதி. சுவிச்சை நிறுத்தினால் போதாது, பிளக் வெளியே வர வேண்டும். அன்ரனா வயரும்.

வீட்டில் இன்வேர்ட்டர் வைத்திருப்பவர்கள் அது ‘ப்யூர் சைன் வேவ்’ வகையா என்று பாருங்கள். மலிவு வகை சதுர அலை தரும். பழைய அம்பின் ட்ரான்ஸ்போமர் அதில் வண்டுபோல இரையும்.

பல்லி, எறும்பு?

சிரிக்க வேண்டாம், இது பெரிய எதிரி. அம்பின் வெதுவெதுப்புக்குப் பல்லி உள்ளே போய்ப் படுக்கும். இரண்டு முனையைத் தொட்டால் அதுவும் முடிந்தது, அம்பும் முடிந்தது. பின்பக்க, அடிப்பக்கத் துவாரங்களுக்கு உள்ளிருந்து நைலோன் நுளம்பு வலை ஒட்டலாம். ட்ரான்சிஸ்டர் சூட்டை வெளியேற்றும் மேல் துவாரத்தை அடைக்கக் கூடாது. வலிகாமத்துச் செம்மண் தூசிக்கு வருடம் ஒருதடவை மூடியைத் திறந்து மெல்லிய தூரிகையால் தட்டுவது நல்லது.

கோயில் திருவிழாவுக்கு வாடகைக்கு விடும் அம்ப் ஒன்று மலிவாக வருகிறது. வீட்டுக்குச் சரிவருமா?

சரிவராது. அது ஒற்றைச் சத்தம், ஸ்டீரியோ அல்ல. நீண்ட வயரில் பல குழாய் ஸ்பீக்கர்களைத் தொடுக்க 100 வோல்ட் லைன் என்று தனி முறையில் செய்தது. வீட்டு ஸ்பீக்கரை அதில் கொழுவினால் ஸ்பீக்கர் போகும்.

வால்வு (ஒளிரும் கண்ணாடிக் குழாய்) அம்ப்?

காசும் பொறுமையும் இருந்தால் சரி. வால்வுகள் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. உள்ளே 300, 400 வோல்ட் இருக்கும் என்பதால் இதை வீட்டில் கிண்ட வேண்டாம். மலிவு விலையில் இரண்டு வால்வு செம்மஞ்சளாக ஒளிரும் சின்னப் பெட்டிகளில் அந்த ஒளி சிலவேளை வால்வுக்கு அடியில் வைத்த எல்இடியினது. பாட்டைப் பெருக்குவது உள்ளேயிருக்கும் சில்லு.

பழைய அம்பில் ஃபோனை, டிவியை எப்படி இணைப்பது?

‘ஆக்ஸ்’, ‘டேப்’, ‘டியூனர்’ எதில் வேண்டுமானாலும் இணைக்கலாம். ‘ஃபோனோ’ என்ற துளையில் மட்டும் கூடாது; அது ரெக்கோட் பிளேயருக்கு. பெயரைப் பார்த்து ஃபோனை அதில் குத்துபவர்கள் உண்டு. சத்தம் கிழிந்து வரும். டிவியில் ஒப்டிகல் மட்டும் இருந்தால் அதைச் சாதாரண வயராக மாற்றும் சின்ன டாக் பெட்டி வாங்க வேண்டும். ஐரோப்பிய அம்பில் ஐந்து முள் உள்ள வட்டத் துளை இருந்தால் அதற்கான மாற்று வயர் கிடைக்கும், ரேடியோ கடைக்காரரே செய்தும் தருவார்.

பழைய அம்புக்கு 150 மில்லிவோல்ட் போதும். சிடி பிளேயர் தருவது 2 வோல்ட் வரை. அதனால் குமிழைக் கொஞ்சம் திருப்பியதுமே வீடு அதிரும். ஃபோனிலிருந்து பாட்டு வருவதென்றால் அதன் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் அம்பின் குமிழுக்கு ஓட இடம் கிடைக்கும்.

கையில் உள்ள காசை அம்புக்கும் ஸ்பீக்கருக்கும் எப்படிப் பிரிப்பது?

ஸ்பீக்கருக்குக் கூட. அம்புக்கு அம்ப் உள்ள வித்தியாசம் ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் உள்ள வித்தியாசத்துக்குப் பக்கத்திலும் வராது. அதைவிடப் பெரியது அறை. எங்களுடைய ஹோல்கள் சீமெந்து அல்லது ரைல் நிலம், வெறும் சுவர், யன்னலுக்கு மெல்லிய துணி. கையைத் தட்டிப் பாருங்கள், ‘டங்’ என்று திரும்பி வரும். அந்த அறையில் எந்த அம்பும் கத்தும். தடித்த திரைச்சீலை, நிலத்தில் ஒரு கம்பளம், சுவரோடு ஒரு புத்தக அலுமாரி. இதைச் செய்துவிட்டுக் கேட்ட பலர் புது அம்ப் வாங்கும் யோசனையையே விட்டிருக்கிறார்கள்.

பழைய ஸ்பீக்கர் வாங்கினால் கூம்பைச் சுற்றியுள்ள ஸ்பொஞ்ச் வளையத்தை மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். விரலில் ஒட்டினாலோ பொடியாக உதிர்ந்தாலோ அதை மாற்ற வேண்டும்.

அப்பாவுடைய செற் பல வருடமாகப் பூட்டியபடி இருக்கிறது. போட்டுப் பார்க்கலாமா?

நேரே குத்த வேண்டாம். முதலில் மூடியைத் திறந்து தூசி, கூடு, கரப்பான் முட்டை எல்லாவற்றையும் எடுங்கள். பின்பக்க வோல்ட்டேஜ் சுவிச்சைப் பாருங்கள். பியூஸைக் கழற்றி, சரியான அம்பியர்தானா, இல்லை யாரோ வெள்ளிக் கடதாசி சுற்றிவிட்டாரா என்று பாருங்கள். கரண்ட் கஷ்டமான காலத்தில் அப்படியும் செய்திருக்கிறார்கள். வயரின் மேலுறை வெடித்திருந்தால் மாற்றுங்கள். பிறகு திருத்துபவரிடம் கொண்டுபோய்த் தொடர் மின்குமிழில் ஓடவிடச் சொல்லுங்கள். வேரியாக் வைத்திருப்பவர் என்றால் வோல்ட்டேஜை மெல்ல மெல்ல ஏற்றுவார், கிடந்த கொண்டென்சர்களுக்கு அது இன்னும் நல்லது. முதல் அரை மணித்தியாலம் உங்களுடைய நல்ல ஸ்பீக்கரைக் கொழுவ வேண்டாம், போனாலும் கவலைப்படாத ஒன்றைக் கொழுவுங்கள்.